போன வருஷத்துச் சுவர்கள்

ஊர்ச்சேவை கிளப்காரர்களுக்கு ஜூலை மாதம்தான் புத்தாண்டு. ஊருக்கெல்லாம் ஜனவரி, தெலுங்குக்காரர்களுக்கு உகாதி, இவர்களுக்கு மட்டும் ஜூலை. அந்த மாதம் பழைய பிரெசிடென்ட் கழுத்திலிருக்கும் பட்டையைக் கழற்றிப் புது பிரெசிடென்ட் கழுத்தில் மாட்டுவார்கள். அதற்கு முன்னால், ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புது பிரெசிடென்ட் வீட்டில் எல்லாரும் குடும்பத்தோடு கூடிச் சாப்பிட்டுவிட்டு, வரும் வருஷத்துக்கான குறிக்கோள்களை முடிவு செய்வார்கள். குறிக்கோள் என்று சொன்னால் அவர்களுக்குப் புரியாது, "கோல்ஸ்" என்றுதான் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருஷம் பட்டை என் வீட்டுக்காரர் கழுத்துக்கு வந்தது.

அவர் உப்பல் பக்கம் ஒரு பொதுத்துறைக் கம்பெனியில் அதிகாரி. காலையில் மல்காஜ்கிரி முனையில் கம்பெனி பஸ் வரும், ஏறிப் போவார், சாயங்காலம் அதே பஸ்ஸில் வந்து இறங்குவார். நடுவில் அங்கே என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் கிளப்புக்காக அவர் செய்ததெல்லாம் எனக்குத் தெரியும். கிளப் கூட்டம் என்றால் சட்டை தேய்த்திருக்க வேண்டும், ஷூ பளபளக்க வேண்டும், கோட்டில் அந்தச் சின்ன பேட்ஜ் நேராக இருக்க வேண்டும். சர்ச்சுக்குக்கூட மனிதர் அப்படிக் கிளம்பியதில்லை. நாங்கள் இரண்டு பேருமே திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். எங்கள் அப்பா காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்துவிட்டோம். இருந்தாலும் வீட்டுக்குள் அந்த ஊர்ப் பேச்சு போகவில்லை.

நான் ரயில்வே காலனியை ஒட்டியிருந்த ஒரு தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகள்தான் அங்கே படித்தார்கள். பாதிப் பேர் வீடு வட ஆற்காட்டுப் பக்கம், மீதிப் பேர் சேலம், தர்மபுரி. பிள்ளைகளோ தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும், தெலுங்கில் கேட்டால் இந்தியில் சொல்லும். நல்ல பிள்ளைகள். எட்டாம் வகுப்பு வரை பெண் பிள்ளைகளும் ஆண் பிள்ளைகளும் ஒன்றாகத்தான் உட்காருவார்கள். ஆனால் ஏழாம் வகுப்பு பாதியிலிருந்து பெண் பிள்ளைகள் பெஞ்சில் இடைவெளி விழ ஆரம்பிக்கும். இன்றைக்கு ஒருத்தி இல்லை, அடுத்த மாதம் இன்னொருத்தி இல்லை. ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் இல்லை.

ஆண் பிள்ளைகளுக்குச் சுவர் இருந்தது. பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தின் பின்னால், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், சீமைக்கருவேலம் புதர் இருந்தது. ஒருத்தி போவாள், இரண்டு பேர் தாவணியை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கூட்ஸ் வண்டி வந்தால் அப்படியே எழுந்து நிற்க வேண்டும். கார்டு கையாட்டுவான், கட்டையில போறவன். அதற்குப் பயந்து பிள்ளைகள் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். ஏப்ரல் மாத வெயிலில், ஹைதராபாத் வெயிலில், ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குக் கணக்கு எப்படி ஏறும்? எங்களுக்கு, டீச்சர்களுக்கு, ஹெட்மாஸ்டர் வீட்டுக் கொல்லைப்புறம் இருந்தது. அதைச் சொல்லவே எனக்குக் கூசுகிறது.

இதை நான் வீட்டில் சொல்லிச் சொல்லி, அவர் கிளப்பில் சொல்லி, அவருக்கு முந்தைய பிரெசிடென்ட் அதைத் தன்னுடைய கோல்ஸில் சேர்த்தார். அவர் ஒரு தெலுங்குக்காரர், கான்ட்ராக்டர், நல்ல மனுஷர்தான். சேர்த்தவுடன் முதலில் என்ன செய்தார் தெரியுமா? மார்பிள் கல்லில் தன் பேரை வெட்டினார்! செங்கல் வருவதற்கு முன்னால் கல் வந்துவிட்டது. நாலு சுவர் எழும்பியது, நடுவே ஒரு தடுப்பு, முன்பக்கம் அந்தக் கல். கூரை போடுவதற்குள் ஜூன் வந்துவிட்டது. அவர் வருஷம் முடிந்தது. கொத்தனார் சாமானை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அந்தச் சமயத்தில்தான் என் வகுப்பில் ஒரு பெண் வராமல் போனாள். கணக்கில் புலி. நான் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டு, மற்றப் பிள்ளைகள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பாள். அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கும். கோடை விடுமுறையில் பெரியவளாகிவிட்டாள். பள்ளிக்கூடம் திறந்த பிறகு வரவில்லை. வீடு தேடிப் போனேன். அப்பா ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர், வீட்டில் இல்லை. அம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், ஆம்பூர்க்காரி. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள்.

"இன்னாத்துக்கு வந்தீங்கன்னு தெரியும் டீச்சரம்மா. படிப்பு வாணாம்னு நான் சொல்லல. அவ படிக்கணும்னுதான் எனக்கும் ஆசை. ஆனா அந்த ரயில் ரோட்டு ஓரம் நானும் ஒரு காலத்துல போயி வந்தவதான். எவன் எவன் இன்னா பேசுவான், எவன் கல்லு வுட்டு அடிப்பான், எல்லாம் எனக்குத் தெரியும். எம் பொண்ணுக்கு அது நக்கோ, வாணாம்."

"கட்டடம் பாதி ஆயிருச்சும்மா. சீக்கிரம் முடிஞ்சிரும்."

"முடியட்டும். கூரை போட்டு, கதவு வெச்சு, உள்ள தாப்பா போட்டு எனக்குக் காட்டுங்க. அன்னிக்கே நானே கைய புடிச்சு இட்டாந்து வுடுறேன். வார்த்தை மாற மாட்டேன். ஆனா ஒண்ணு, ரொம்ப நாளு காத்துனு இருக்க முடியாது. அவங்க அத்தை வேற ஊர்ல மாப்பிள்ளை பாத்துனுகீறா."

அந்தப் பெண் உள்ளே தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கதவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

அன்று வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். புது பிரெசிடென்ட் நீங்கள்தானே, கூரையும் கதவும் தண்ணீர்த் தொட்டியும்தானே பாக்கி, முதல் மாதமே முடித்துவிடலாமே என்றேன். மனிதர் பேப்பரை மடித்து வைத்தார்.

"அது போன பிரெசிடென்ட் ப்ராஜெக்ட்டுல்லா."

"இருந்தா என்ன?"

"அவர் சாப்பிட்டு வச்ச இலையில நான் எதுக்கு உக்காரணும்? கூரைய நான் போட்டாலும் கல்லுல அவர் பேருதானே இருக்கு? கிளப்புல அப்படி ஒரு வழக்கமே கிடையாது, கேட்டியா. ஒவ்வொரு பிரெசிடென்ட்டும் புதுசாத்தான் கோல்ஸ் வைக்கணும்."

அப்போதுதான் எனக்கு அந்தக் கிளப்பின் சூட்சுமமே விளங்கியது. ஊரில் அங்கங்கே பாதியில் நின்ற அவர்கள் வேலைகளெல்லாம் கண் முன்னால் வந்தன. பஸ் ஸ்டாப்பில் பெஞ்சு இருக்கும், நிழல் இருக்காது. ஆஸ்பத்திரியில் தண்ணீர்த் தொட்டி இருக்கும், குழாய் இருக்காது. ஒவ்வொன்றிலும் கல் மட்டும் முழுசாக இருக்கும். பணமில்லாமல் நின்றவை என்று நான் நினைத்திருந்தேன். அட கர்மமே, பணம் இருந்திருக்கிறது! அடுத்தவன் பேருக்குக் கீழே வேலை செய்ய ஒருத்தனுக்கும் மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

"பிள்ளைங்க அடக்கிட்டு உக்காந்திருக்குங்க," என்றேன். "ஒரு பிள்ளை படிப்பே போவுது. நீங்க இலையப் பத்திப் பேசுதீங்க."

"அவசரப்படாத. பாக்கலாம். கோல்ஸ் மீட்டிங்ல வைக்கேன்."

வைக்கிறேன் என்றார். நானும் நம்பினேன். கல்யாணமாகி அத்தனை வருஷம் ஆன பிறகும் நம்பினேன், என்னைச் சொல்ல வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலை ஆராதனை முடிந்ததும் ஓடி வந்து சமையல். கூடத்தில் ஆண்கள், சமையலறையிலும் பின்பக்க அறையிலும் பெண்கள். அது கிளப் வழக்கம். ஊருக்குச் சேவை செய்ய ஆண்கள் யோசிப்பார்கள், யோசிக்கிறவர்களுக்குப் பெண்கள் சேவை செய்வார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பதார்த்தம் வந்தது. பகாரா சாதம், தால்சா, கோழிக்குழம்பு, தயிர்ப் பச்சடி. வெயில் மண்டையைப் பிளந்தது. வந்தவர்களுக்கெல்லாம் நான் மோர் ஊற்றி ஊற்றிக் கொடுத்தேன். சாப்பாடு முடிந்ததும் இரண்டு பெரிய தர்பூசணியை அறுத்துத் தட்டுத் தட்டாக உள்ளே அனுப்பினேன். பிறகு கதவோரம் நின்று காது கொடுத்தேன்.

என் வீட்டுக்காரர் எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, கோல்ஸை வாசித்தார். கண் சிகிச்சை முகாம். மரம் நடுதல். பிள்ளைகளுக்கு நல்லொழுக்கப் போட்டி. ஒவ்வொன்றுக்கும் ஒரு கைதட்டல். பிறகு குரலைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டார். நம்முடைய இந்த வருஷத்துப் பெரிய கோல் என்று சொல்லி நிறுத்தினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"நாலு ரோடு சந்திக்கிற எடத்துல ஒரு நீரூற்று. கலர் விளக்கோட!"

கூடமே கைதட்டியது. எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. மல்காஜ்கிரியில் அப்போது குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் வரும். அதே நாலு ரோட்டில் பொம்பளைகள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு லாரிக்குக் காத்துக் கிடப்பார்கள். அவர்கள் தலைக்கு மேலே இவர் கலர் தண்ணீர் பீய்ச்சப் போகிறாராம்! கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம். அதைவிட, பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒரே ஒரு வார்த்தை. என் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தார்.

எங்கள் வீட்டில் குளியலறையும் கக்கூஸும் ஒன்றுதான், பின்பக்க வராந்தாவின் கடைசியில். நேரே போனேன். ஸ்டோர் அறைப் பூட்டைக் கழற்றி அந்தக் கதவில் போட்டேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வராந்தாவில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். மோரும் தர்பூசணியும் அதனதன் வேலையைச் செய்யட்டும் என்று காத்திருந்தேன்.

முதலில் வந்தது கிளப்பின் பொருளாளர், பேங்க் அதிகாரி. பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மேடம், சாவி..."

"இல்ல சார். எங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அடக்கிட்டு உக்காருதுங்க. நீங்க கொஞ்ச நேரம் உக்காந்து பாருங்க. அந்த நாலு சுவருக்குக் கூரை போடுதோம்னு எழுதுங்க, தொறந்து விடுதேன்."

அவருக்கு முகம் வெளிறிவிட்டது. உள்ளே போய்ச் சொன்னார். பிறகு வெடிச்சிரிப்பு. என் வீட்டுக்காரர் வேகமாக வந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, "என் மானத்த வாங்குதியே. சாவியத் தா," என்றார். தர மாட்டேன் என்றேன். அவர் கையை நீட்டினார், நான் ஸ்டூலிலிருந்து அசையவில்லை. வீட்டில் இருபது பேர் இருக்கும்போது மனைவியின் இடுப்பிலிருந்து சாவியைப் பிடுங்க அவருக்குத் துணிவில்லை. திரும்பிப் போய்விட்டார்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்த நிமிஷம் பொருளாளர் பின்வாசல் வழியாக இறங்கினார். எங்கள் காம்பவுண்டு சுவரின் மூலைக்கு, சீத்தாப்பழ மரத்துக்குப் பின்னால் போனார். கொஞ்ச நேரத்தில் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "நோ ப்ராப்ளம் மேடம்," என்று சிரித்துவிட்டுக் கூடத்துக்குப் போனார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். பிறகு இன்ஜினியர், பிறகு டாக்டர், போன பிரெசிடென்ட். ஒருவர் பின் ஒருவராகப் போய் வந்தார்கள், பேசிச் சிரித்துக்கொண்டு. கடைசியில் என் வீட்டுக்காரரும் போனார்!

ஐயோ, நான் என்ன முட்டாள். ஆண் பிள்ளைகளுக்குச் சுவர் இருந்தது என்று நானே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். ஆண்களுக்கு உலகம் பூராவும் கக்கூஸ்தான், பூட்டு எங்கே போடுவது? ஆத்திரம் கண்ணை மறைத்துவிட்டது. இப்போது உண்மையில் மாட்டிக்கொண்டது யார்? பின் அறையில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்த பெண்கள். எங்கோ பஞ்சாரா ஹில்ஸிலிருந்தும் வேறு பேட்டைகளிலிருந்தும் காலையிலேயே கிளம்பி வந்தவர்கள். அவர்களும் மோர் குடித்திருந்தார்கள். கூடத்திலிருந்து பேச்சு மறுபடி நீரூற்றுக்குத் திரும்பியது கேட்டது. விளக்கு பச்சையா நீலமா என்று விவாதம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

போன பிரெசிடென்ட்டின் மனைவி வராந்தாவுக்கு வந்தாள். பெரிய உருவம், பெரிய பொட்டு, உரக்கப் பேசுகிறவள். கல் வெட்டிக்கொண்டவரின் மனைவி என்பதால் அவளோடு எனக்கு அவ்வளவாக ஒட்டுதல் கிடையாது. என்ன பூட்டு என்று தெலுங்கில் கேட்டாள். சொன்னேன். தாவணி பிடிப்பதையும் சொன்னேன், கூட்ஸ் வண்டியையும் சொன்னேன், வராமல் போன பெண்ணையும் சொன்னேன். சொல்லிவிட்டு, உங்களைத் தண்டிக்க நான் பூட்டவில்லை, இந்தாருங்கள் என்று இடுப்பிலிருந்து சாவியை எடுத்தேன்.

அவள் என் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"நக்கோ. தெறக்காதே," என்றாள், தனக்குத் தெரிந்த தமிழில். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே கூடத்துக்குள் போனாள். கோல்ஸ் கூட்டத்தில் ஒரு பெண் உள்ளே நுழைந்ததை அதுவரை யாரும் பார்த்ததில்லை. நானும் பின்னாலேயே ஓடினேன், மற்றப் பெண்களும் வந்தார்கள். நடுக்கூடத்தில் நின்று தெலுங்கில் கேட்டாள். நான் தமிழில் சொல்கிறேன்:

"பழைய பிரெசிடென்ட்டும் மரத்துக்குப் பின்னால் போய் வந்தாச்சு, புது பிரெசிடென்ட்டும் போய் வந்தாச்சு. இப்போது நாங்கள் போக வேண்டும். அதே மரத்துக்குப் பின்னால் போகட்டுமா? நீங்கள் எல்லாரும் ஜன்னல் பக்கம் வந்து நில்லுங்கள், கூட்ஸ் வண்டிக் கார்டு மாதிரி கை காட்டலாம்."

பேங்க் அதிகாரி தரையைப் பார்த்தார். அவருடைய மனைவி எனக்குப் பக்கத்தில்தான் நின்றாள், சாதுவான பெண், அதுவரை அவள் பேசி நான் கேட்டதில்லை. "எனக்கு ரொம்ப அவசரம்," என்றாள் மெதுவாக, எல்லாருக்கும் கேட்கும்படி.

"பைலே வோ லிக்கோ," என்றாள் போன பிரெசிடென்ட்டின் மனைவி, முதலில் அதை எழுது என்று, தன் புருஷனைப் பார்த்து அல்ல, என் புருஷனைப் பார்த்து. பிறகு தன் புருஷனிடம் திரும்பினாள். "பாதி கட்டிவிட்டுப் பேர் போட்டுக்கொண்டாயே, வெட்கமாயில்லை?"

எழுதினார்கள். எழுதும்போதும் சண்டை! யார் பேர் கல்லில் இருக்கும் என்று. பழைய கல்லை எடுக்க முடியாது, அது அவமானம். புதுக்கல் இல்லாமல் வேலை செய்ய முடியாது, அது இவருக்கு அவமானம். கடைசியில் இரண்டு கல் வைப்பது என்று தீர்மானம் ஆயிற்று. இரண்டு ஆள் உட்காருகிற கக்கூஸுக்கு இரண்டு மார்பிள் கல்! எதையாவது வைத்துத் தொலையுங்கள் என்று நான் போய்க் கதவைத் திறந்தேன். பெண்கள் வரிசையாக நின்றார்கள். பேங்க் அதிகாரியின் மனைவியை முதலில் விட்டார்கள்.

அன்றிரவு அவர் என்னோடு பேசவில்லை. பல நாள் பேசவில்லை. நானும் ஒன்றும் தவிக்கவில்லை.

எழுதினால் நடந்துவிடுமா? மற்றக் கோல்ஸெல்லாம் முதலில் நடந்தன. கண் முகாம் நடந்தது, மரம் நட்டார்கள், ஆடு மேய்ந்தது. நீரூற்று தசராவுக்குத் திறந்தார்கள். கலர் விளக்கெல்லாம் எரிந்தது. தண்ணீர் ஒரு வாரம் வந்தது, பிறகு நின்றது, பிறகு அந்தத் தொட்டியில் பையன்கள் சைக்கிளை நிறுத்தினார்கள். கக்கூஸ் மட்டும் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே போயிற்று. வாரா வாரம் கேட்டேன். சண்டை போட்டேன். போன பிரெசிடென்ட்டின் மனைவியும் அங்கிருந்து தன் புருஷனை நச்சரித்தாள். நடுவில் நான் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய்க் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வருவேன். ஒவ்வொரு முறையும் அவள் அம்மா ஒன்றும் கேட்காமல் டீ போட்டுக் கொடுப்பாள். கேட்டிருந்தால்கூடத் தேவலை. பொங்கலுக்கு அத்தை ஆம்பூரிலிருந்து வந்து போனாள் என்று அந்தப் பெண்தான் சொன்னாள், ஸ்லேட்டைப் பார்த்துக்கொண்டே.

ஒரு வழியாக வருஷம் முடிகிற சமயத்தில், வேலையும் பேரும் அடுத்தவன் வருஷத்துக்குப் போய்விடுமே என்ற பயத்தில், அவசர அவசரமாகக் கூரை போட்டார்கள். கதவு வந்தது, தொட்டி வந்தது, இரண்டாவது கல் வந்தது. நான் ஓடிப்போய் அந்த அம்மாவிடம் சொன்னேன். "நாளைக்குத் திறப்பு விழா, நீயே வந்து பாரு," என்றேன். அவள் ஒரு தலையசைப்புதான் செய்தாள்.

விழாவுக்கு முந்தின நாள் என் வீட்டுக்காரர் ஒரு தாளை நீட்டினார். கிளப்புக்கு நன்றி சொல்லி ஒரு மாணவி வாசிக்க வேண்டுமாம், நல்லாப் படிக்கிற பிள்ளையாகப் பார்த்துத் தயார் செய்ய வேண்டுமாம்.

"மூத்திரம் போறதுக்கு நன்றியா?" என்றேன். "ஒங்களுக்கு யாரு நன்றி சொல்லுதா, ஒவ்வொரு தடவையும்?"

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்தில் ஷாமியானா. கக்கூஸின் முன்னால் வாசலின் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. பிள்ளைகள் இரண்டு வரிசையாக ரோஜாப்பூவோடு வெயிலில் நின்றார்கள். தலைமை விருந்தினர் அரசாங்கத்தில் பெரிய அதிகாரி. ஒன்பது மணிக்கு வர வேண்டியவர் பன்னிரண்டு ஆகியும் வரவில்லை. கிளப்காரர்கள் ஷாமியானா நிழலில் குளிர்பானம் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த அம்மா வந்திருந்தாள். மகளுக்குத் தலைவாரிப் பூ வைத்து, புதுத் தாவணி கட்டி, சொன்ன வார்த்தைப்படி கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தாள். இருவரும் சுவரோரம் நின்று நின்று பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். அம்மா என்னிடம் வந்தாள்.

"டீச்சரம்மா, பொண்ணு போவணும்ன்றா."

நான் ஹெட்மாஸ்டரிடம் போனேன். "கெஸ்ட் வந்து ரிப்பன் வெட்டட்டும் டீச்சர். பினாயிலெல்லாம் போட்டுச் சுத்தமா வச்சிருக்கு," என்றார். என் வீட்டுக்காரரிடம் போனேன். கழுத்தில் பட்டை, கையில் வெள்ளித்தட்டில் கத்தரிக்கோல்.

"இப்பவா? கார் கெளம்பிட்டுன்னு போன் வந்துட்டு. கொஞ்சம் அடக்கிக்கச் சொல்லு."

அவர் சொன்னது அந்த அம்மாவுக்கும் கேட்டது. அவள் சண்டை போடவில்லை, குரலை உயர்த்தவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வா. இவங்க கட்னது இவங்களுக்கு. நம்ம வூட்டுக்குப் போலாம்."

அவர்கள் கேட்டை நோக்கி நடக்க ஆரம்பித்தார்கள். அந்தப் பெண் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இன்றைக்குப் போனால் இனி வர மாட்டாள், அடுத்த மாதம் ஆம்பூர்தான் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

நான் கத்தரிக்கோலைக் கேட்கவில்லை. ரிப்பனை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். சாட்டின் துணி, சட்டென்று அறுபடவில்லை. ஆணியோடு பிய்த்துக்கொண்டு வந்தது. ஷாமியானாவில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. "என்ன செய்யுத? ஒனக்குப் பைத்தியமா?" என்று அவர் கத்தினார். "ஆமா, பைத்தியந்தான்!" என்று நானும் கத்தினேன். பள்ளிக்கூடமே பார்த்தது. "ஏம்மா, நில்லு! கதவு தொறந்திருக்கு, வந்து பாரு!"

அந்த அம்மா நின்றாள். திரும்பி வந்தாள். மகளை வெளியே நிறுத்திவிட்டு முதலில் தான் மட்டும் உள்ளே போனாள். உள்ளே தாழ்ப்பாளைப் போடுகிற சத்தம், எடுக்கிற சத்தம், மறுபடி போடுகிற சத்தம். குழாயைத் திறந்து மூடினாள். வெளியே வந்து மகளை உள்ளே விட்டாள். வரிசையில் நின்ற மற்றப் பெண் பிள்ளைகள் ரோஜாப்பூவைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து வாசலில் நெருக்கியடித்தார்கள். யாரும் அவர்களை வரிசையில் நிற்கச் சொல்லவில்லை. கேட்டில் கார் ஹாரன் கேட்டது. கிளப் முழுக்க அந்தப் பக்கம் ஓடியது.

அந்தப் பெண் வெளியே வந்து கையைத் தாவணியில் துடைத்தாள். அவள் அம்மா, விருந்தினரைப் பார்க்கவில்லை, இரண்டு கல்லையும் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"சாயங்காலம் எத்தினி மணிக்கு வுடுவீங்க டீச்சரம்மா? நான் வந்து இட்டுனு போறேன்."

நாலு மணிக்கு என்றேன். அவள் மகளை அங்கேயே விட்டுவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, அந்த வெயிலில் தனியாக வீட்டுக்குப் போனாள். அந்த ஒரு கேள்விக்காக ஒரு வருஷம் போயிருந்தது. என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. அது சந்தோஷம் என்று எல்லாரும் நினைத்தார்கள். சந்தோஷமாவது ஒன்றாவது, எனக்கு அவ்வளவு கோபம்.